மூன்றாம் அறையில் படுத்தவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், எங்கள் அண்ணன் கட்டிய அறைகளில் ஒரு காலத்தில் குடியிருந்தவர்கள். ஆகையால் அவரைப் பற்றி நான் கூட்டிச் சொன்னாலும் பிடிபடும், குறைத்துச் சொன்னாலும் பிடிபடும். அவருடைய கோபத்தையும் நீங்கள் அறிவீர்கள்.

அண்ணன் பிறந்தது முசிறிப் பக்கம். அப்பா கங்காணியோடு மலாயாவுக்குக் கப்பலேறியபோது அவர் இடுப்புக் குழந்தை. தங்கை நான் பிறந்தது சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில். பெற்றோர் இருவரையும் காய்ச்சல் கொண்டுபோனபின் அண்ணன்தான் என்னை வளர்த்தார். பால்மரம் வெட்டினார், பிறகு ஈப்போவில் மாட்டுவண்டி ஓட்டினார். அண்ணியின் தாலி நீங்கலாக மற்ற நகையெல்லாம் பலகையாகவும் ஆணியாகவும் மாறி, ஆற்றோரம் ஆறு அறைகளாக எழுந்தன. முதல் அறையில் நாங்கள், மற்றவை வாடகைக்கு.

வீட்டுக்காரர் என்றால் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பவர் என்று நினைப்பவர்கள் அண்ணனைப் பார்த்ததில்லை. மழைக்கு முன் அத்தாப்பு ஓலைக் கூரையில் அவரே ஏறுவார். சாக்கடை அடைத்தால் அவரே இறங்குவார். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால், "பலகச் சுவரு, ஒங்க சண்டையத் தாங்காது. ஆத்தோரம் போயி போடுங்க" என்று இருவரையும் வெளியே அனுப்புவார்.

நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. சாவு விழுந்த அறைக்கு யாரும் குடிவர மாட்டார்கள்; பக்கத்து அறைக்காரர்களும் கிளம்பிவிடுவார்கள். அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எந்த அறையில் யார் இறந்தாலும், கருமாதி முடியும்வரை அவரே அங்கே போய்ப் படுப்பார். அதுவும் இறந்தவருடைய பாயிலேயே. "எம் பாயக் கொண்டு போனா, நானே பயப்படுறேன்னு ஆயிரும்" என்பார். காலையில் அவர் அந்த வாசலில் பல் விளக்குவதைக் கண்டால் எல்லோருக்கும் தெம்பு வரும்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள் அல்லவா, அப்போது மூன்றாம் அறைக்கு வந்தவர்கள் முனியம்மாளும் அவர் புருஷனும். வரும்போதே அந்த மனிதருக்கு இருமல். சளியில் இரத்தம் கண்டு, சில மாதங்களில் இறந்தார். மருந்து கொடுத்த டிரசர் பாயைக் கொளுத்தச் சொன்னார். அண்ணன் சுண்ணாம்பு அடித்தார், சாம்பிராணி போட்டார். முனியம்மாளை எங்கள் அறைக்கு அனுப்பிவிட்டுத் தாம் அங்கே படுக்கப் போனார். பாயை மட்டும் கொளுத்தவில்லை.

"அண்ணே, ஒட்டுற நோவுன்னு சொல்றாங்களே" என்றேன்.

"பாயக் கொளுத்தினா அந்த அறையவே விலக்கி வச்சிருவாங்க. அப்பறம் அந்தப் பொம்பள எங்க போவா?"

முனியம்மாள் தம் அறைக்குத் திரும்பினார். ஒருவரும் காலி செய்யவில்லை. அடுத்த மழைக்குள் அண்ணன் இருமத் தொடங்கினார். ஊரார் பயத்தைத் தெளியவைக்க உயிரையா கொடுப்பார்கள்? இதை எழுதும்போதும் எனக்கு அழுகைக்கு முன் ஆத்திரம்தான் வருகிறது.

கடைசி நாட்களில் அவருக்கு ஒரே கவலை. "என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க. நான் இங்க சாவக்கூடாது. குடியிருக்கிறவங்க கெளம்பிட்டா ஒங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

அண்ணி அவர் நெற்றியைத் துடைத்தபடி, "கட்டுன வீட்டுல கெடக்க ஒங்களுக்கு எடமில்லையா? பேசாமப் படுங்க" என்றார். அண்ணன் எங்கள் அறையிலேயே கண்ணை மூடினார்.

அவரை எரித்துவிட்டு ஆண்கள் திரும்பியபோது இரண்டு வாசல்களில் மூட்டைகள் கட்டிக் கிடந்தன. அண்ணியும் நானும் பார்த்தோம். படுக்க அவர் இல்லை.

அப்போது முனியம்மாள் எங்கள் அறைக்குள் வந்தார். அண்ணனின் பாயைச் சுருட்டி ஆற்றோரம் கொண்டுபோய், எல்லோரும் பார்க்கக் கொளுத்தினார். திரும்பி வந்து தரையைக் கழுவி, அண்ணன் கிடந்த இடத்தில் தம் பாயை விரித்தார்.

"அண்ணன் எங்க வீட்டுக்காரரு பாயில படுத்தாரு. அந்தத் தப்ப நான் செய்யமாட்டேன். ஆனா எடம் இதுதான். கருமாதிவரைக்கும் இங்கதான் படுப்பேன்" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் மூட்டைகள் அவிழ்ந்தன.

பாடை சுமந்தவர்களுக்கும், அரிசியும் விறகும் அனுப்பியவர்களுக்கும், தோட்டங்களிலிருந்து நடந்தே வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். முனியம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை. போன வாரம் அண்ணியும் நானும் அதற்காகவே அவர் வாசலுக்குப் போனோம். எங்களைப் பேசவிடாமல், "மூணாம் அறை ஒழுகுது அக்கா" என்றார்.

அண்ணி போய் ஏணியை எடுத்து வந்தார்.