டோஹாத்லியைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

மராத்தியில் கைக்குழந்தையை ‘பாள்’ என்பார்கள். இது எனக்குத் தெரியாத காலத்தில், தொண்ணூறுகளின் கடைசியில், மேட்டுப்பாளையத்திலிருந்து புனேவின் நிக்டிக்கு வந்து சேர்ந்த புதிதில், பக்கத்து வீட்டுக் காகூ கதவைத் தட்டி “பாள் குட்டே?” என்று கேட்டார். காகூ என்றால் சித்தி மாதிரி. இங்கே வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் காகூதான். பால் கேட்கிறார் என்று நினைத்து, அடுப்பிலிருந்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே தொட்டிலில் கிடந்த என் மகள் மதுவைக் கண்டதும் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார். குழந்தை எங்கே என்றுதான் கேட்டிருக்கிறார். குடியிருப்பு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சில வருடங்கள் கழித்து, நடந்தது தெரியாத ஒரு காய்கறிக்காரம்மா, தராசில் கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டே, “பாள் கஸ ஆஹே?” என்று என்னிடம் கேட்டாள். குழந்தை எப்படி இருக்கிறான்? அதற்குள் எனக்கு மராத்தி நன்றாகப் புரியத் தொடங்கியிருந்தது. பையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதுவுக்கு நான்கு வயதானபோது எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். முகிலன் என்று பெயர் வைத்தோம். மதுவை அம்மா வீட்டில்தான் பெற்றேன். இவனை இங்கேயே பெற வேண்டியதாகிவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்றிருந்தோம். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஐந்து மாதப் பிள்ளையை ஊருக்கு எடுத்துப்போக முடியாது, அங்கிருந்து யாரும் வந்து சேரும்வரை வைத்திருக்கவும் முடியாது. என் கணவரும் அவருடைய தொழிற்சாலை நண்பர்கள் இருவரும் துணியில் சுற்றி, பவனா ஆற்றங்கரையில் குழந்தைகளைப் புதைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் போகக் கூடாது என்று காகூ என்னை இறுகப் பிடித்துக்கொண்டார். ஊரிலிருந்தால் அம்மா பிடித்திருப்பாள், அவ்வளவுதான் வித்தியாசம். என் கணவர் திரும்பி வந்து வாசலில் தலைக்குக் குளித்தார். எங்கே வைத்தீர்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. பிறகும் கேட்க வாய் வரவில்லை.

அதன்பின் அவர் கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு அலைய ஆரம்பித்தார். கம்பெனிக்கு அங்கேயும் ஒரு கிளை வந்திருந்தது. “இந்த ஊர் நமக்கு வேண்டாம் சுமதி, போயிரலாம்” என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். நானும் தலையாட்டுவேன். நம் ஊரிலிருந்து இங்கே வந்திருக்கும் எல்லோருமே ஒருநாள் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பில்தானே கட்டில்கூட நல்லதாக வாங்காமல் இருக்கிறோம்! மூன்றாவது வருடம் உத்தரவு வந்தது. ஜூனில் அங்கே சேர வேண்டும். அம்மா போனிலேயே அழுதாள். மதுவுக்கு அங்கே பள்ளிக்கூடம்கூடப் பார்த்துவிட்டார்கள்.

மதுவுக்குத்தான் துக்கம். அவள் பேசும் தமிழில் பாதி மராத்தி, தண்ணீர்கூட அவளுக்குப் ‘பாணி’தான். கனவிலும் மராத்தியில்தான் உளறுவாள். போவதற்கு முன் தனக்கு ஒரே ஒரு இடத்தைக் காட்ட வேண்டும் என்றாள். லோணாவளா பக்கம் ஓர் ஏரிக்கரையில் அப்போது ஒரு பூங்கா இருந்தது. அந்த ஏரியில் பெரிய விலங்கு ஒன்று வாழ்வதாகச் சுற்றுப்புறக் கிராமங்களில் நெடுநாளாகப் பேச்சு. ‘டோஹாத்லி’ என்பார்கள், மடுவுக்குள் இருப்பவள் என்று அர்த்தம். அந்தப் பேச்சை வைத்து யாரோ கம்பிவேலி போட்டு, ராட்டினம் வைத்து, டிக்கெட் போட்டுவிட்டார்கள். மதுவின் வகுப்பில் எல்லோரும் பார்த்தாகிவிட்டதாம். மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். அவன் போனபிறகு நாங்கள் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல் தடவை.

டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் நிமிராமலே, “லஹான் முல கிதீ?” என்றார். சின்னக் குழந்தைகள் எத்தனை? என் கணவர் பர்ஸைத் தேடிக்கொண்டிருந்ததால் நான் பதில் சொன்னேன். “தோன்” என்றேன். இரண்டு. எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, மதுவைப் பார்த்தார், என் முந்தானைக்குப் பின்னால் பார்த்தார். “துஸ்ர குட்டே?” என்றார். இன்னொன்று எங்கே? பின்னாலிருந்த கூட்டம் நெருக்கியது. என் கணவர்தான், “ஏகச்” என்றார். ஒன்றுதான். மீதிச் சில்லறையை வாங்காமலே அவர் உள்ளே நடந்தார்.

கோடையில் ஏரி பாதியாக வற்றி, கரையோரம் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. தண்ணீருக்குள் பாதி மறைந்திருக்க வேண்டிய டோஹாத்லி, வயிறு தெரிய, வயிற்றுக்குக் கீழே அவளைத் தாங்கும் இரும்புக் குழாய்கள் தெரிய, சேற்றில் நின்றிருந்தாள். பச்சைப் பெயின்ட் அடித்த ஃபைபர் உடம்பு, பனைமரம் மாதிரிக் கழுத்து. மின்சாரம் இருந்தால் கழுத்து மேலே எழும்பிச் சுற்றிப் பார்த்துக் கத்துமாம். நாங்கள் போனபோது “லைட் கேலீ” என்று கையை விரித்தார்கள், மின்வெட்டு. தலை மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. மதுவுக்கு அழுகை வந்துவிட்டது. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சுற்றிக்காட்டும் வேலை பார்த்த ஒரு நடுத்தர வயதுப் பெண், அவள் அழுவதைப் பார்த்து, “யே பேட்டா” என்று கூப்பிட்டு, தகரக் கொட்டகையின் நிழலில் உட்கார வைத்துக் கதை சொல்லத் தொடங்கினாள். சுவர் முழுக்க மங்கலான போட்டோக்கள். எல்லாவற்றிலும் தண்ணீரும் ஒரு கறுப்புக் கோடும். அந்தப் பெண் கிராமத்து மராத்தியை வேகமாகப் பேசினாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மது கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்காக மொழிபெயர்த்தாள்.

“அம்மா, முன்னாடி இங்க ஏரி இல்லியாம். நதிதானாம். டோஹாத்லி மாதிரி நிறையப் பேர் இருந்தாங்களாம். அப்புறம் அணை கட்டினாங்களாம். பாணி மேல வந்துச்சாம்.”

“திச்ச பில்லு ஹரவ்ல” என்றாள் அந்தப் பெண். அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. விலங்கின் குட்டியைத்தான் பில்லு என்கிறார்கள். என் காதுக்குப் பிள்ளை என்றே விழுந்தது.

“அவளோட குட்டி காணாமப் போச்சாம்மா” என்றாள் மது. “மத்தவங்க எல்லாரும் நதியோட போயிட்டாங்களாம். அவ மட்டும் போகலியாம்.” பிறகு அவளே அந்தப் பெண்ணிடம் மராத்தியில் ஏன் போகவில்லை என்று கேட்டாள்.

அந்தப் பெண் இதில் என்ன கேள்வி என்பது போலச் சிரித்தாள். “கஷீ ஜாயீல்? பில்லு இத்தேச் ஆஹே நா.”

மது என் பக்கம் திரும்பி, “எப்படிப் போவா? குட்டி இங்கதான இருக்கு?” என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கரையில் ஒரு சிமென்ட் பெஞ்சு வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது, அதில்தான் உட்கார்ந்தேன். மூன்று வருடமாக வராத அழுகை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் நிற்கவில்லை. ராட்டினத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் எனக்கு வெயில் தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டியது. என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, நான் வர்ல” என்றேன்.

“கதைக்குப் போயி…”

“கதைக்கு இல்லீங்க. சாமான் ஏத்த லாரிக்குச் சொன்ன நாள்லருந்து நெஞ்சு அடைச்சுட்டுக் கெடக்குது. அவன எங்க வெச்சீங்கன்னு எனக்கு ஒருக்கா காட்டுங்க. அதப் பாக்காம நான் எப்பிடி ரயிலேறுவேன்?”

அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “காட்டறதுக்கு எடம் தெரியோணுமில்ல சுமதி. அடையாளத்துக்குக் கல்லு ஒண்ணு வெச்சிருந்தேன். அடுத்த மழைக்கு ஆத்துல வெள்ளம் வந்துச்சே, அதுக்கப்புறம் கல்லையும் காணோம், எடமும் பிடிபடல. ஓவர்டைம்னு சொல்லிட்டு நான் அங்கதான் போவேன். ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு எடமாத் தோணும்.” அவர் செருப்பு நுனியால் மண்ணைக் கீறினார். “இந்த ஊர் வேண்டாம்னு எதுக்குச் சொன்னேன்னு நெனச்சே? தெனமும் அந்த ஆத்துப் பாலத்து மேல பஸ்ல போகோணும். என்னால முடியல.”

இத்தனை நாள் அவரும் என்னைப் போலவே கிடந்து தவித்திருக்கிறார் என்பது எனக்கு அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் படுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் வருத்தக் கூடாது என்று அவனுடைய பெயரையே சொல்லாமல் இருந்திருக்கிறோம். கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தை யாரும் பிரிக்கவில்லை. மின்சாரம் வரும்வரை இருக்கலாம் என்று மது கெஞ்சினாள். அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

நிக்டியில் இறங்காமல் மேலே போய், சாயங்காலம் அந்த ஆற்றங்கரைக்குப் போனோம். நான் நினைத்து வைத்திருந்தது போல அங்கே எதுவும் இல்லை. கருவேலம் புதர், பிளாஸ்டிக் பை, வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல்மேடு. தூரத்தில் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஒரு மேட்டின் மேல் நின்று கையை நீட்டி, அந்தப் புதரிலிருந்து இந்தச் சரிவுவரை காட்டினார். “இதுக்குள்ளதான். எங்கியோ.”

“அப்பா, தம்பி பாணிக்குள்ளயா இருக்கான்?” என்று மது கேட்டாள்.

“இல்ல சாமி. மண்ணுக்குள்ள.”

அவள் உடனே செருப்பைக் கழற்றிவிட்டாள். அதைப் பார்த்து நாங்களும் கழற்றினோம். எங்கே மிதிக்கக் கூடாது என்று தெரியாததால், மூவரும் ஓரமாகவே நின்றோம். இருட்டத் தொடங்கியதும் அவர் என் கையைப் பிடித்து, “போக வேண்டாம், இங்கயே இருப்போம்” என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

மாற்றலை ரத்து செய்யச் சொல்லிப் போனவரை ஆபீசில் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்களாம். ஊரில் அதைவிட மோசம். என் அண்ணன், “மண்ணுல போனத நெனச்சு, இருக்கற பொண்ண அந்நிய ஊர்ல வளப்பீங்களா?” என்று போனில் கத்தினான். அம்மா அதன்பின் எப்போது வருகிறாய் என்று கேட்பதையே விட்டுவிட்டாள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அவனைப் பார்த்ததே இல்லை. இந்தப் பக்கம் வந்து குடியேறியிருக்கும் நம்மவர்களில் சிலருக்காவது நான் சொல்வது புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன். வீடு வாங்கியதாலோ, சம்பளம் உயர்ந்ததாலோ இந்த ஊர் எங்களுடையதாகவில்லை. இப்போதும் என் மராத்தியைக் கேட்டுக் கடைக்காரர்கள் இந்தியில்தான் பதில் சொல்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தடுக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வீட்டுச் சாமான்களில் பாதி லாரியில் ஏறிப் போய்விட்டிருந்தது. கிரைண்டர், கட்டில், என் பீரோ எல்லாம் மேட்டுப்பாளையத்தில் அண்ணன் வீட்டு மாடி அறையில் இறங்கிவிட்டன. பீரோவின் அடித்தட்டில், ஒரு வெள்ளைத் துண்டுக்குள், முகிலனின் சட்டைகளும் குல்லாவும் இருந்தன. ஒவ்வொரு மே மாதமும் ஊருக்குப் போகும்போது அவற்றை வெளியே எடுத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, தட்டி, மடித்து மறுபடி உள்ளே வைக்கிறேன். சட்டைகளில் இப்போது பீரோவின் வாசனைதான். எடுத்துக்கொண்டு போயேன், அங்கேயே வைத்துக்கொள்ளேன் என்று அண்ணி ஒருமுறை பையில் வைத்தே கொடுத்தாள். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் பையைப் பிரித்து, சட்டைகளைத் திரும்பப் பீரோவில் வைத்தேன். அவன் ஒருமுறைகூட வந்து பார்க்காத ஊர் அது. அங்கேயும் அவனுடையதென்று ஏதாவது இருக்கட்டும் என்று தோன்றியது. பூட்டிவிட்டு, அவன் இருக்கும் ஊருக்கு ரயிலேறினேன்.