பூட்டிய குரல்

அவர் ஒலிப்பதிவாளர். நாடகம், விளம்பரம், புத்தக வாசிப்பு என்று வாழ்நாள் முழுக்க அடுத்தவர் குரலைப் பிடித்துவைத்துப் பிழைத்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள என்னை அமர்த்தினார்கள். நான் போனபோது அந்த வீட்டில் வாய் திறந்து பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான், அதுவும் குழறலாக. அவர் மனைவிக்குத் தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாம் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார்.

அறுவைக்கு முன்பே மருத்துவமனையில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிந்து கொடுத்தால், பின்னாளில் அந்த அம்மாள் ஃபோனில் தட்டுவதை அது அவர் குரலிலேயே பேசும். மனிதர் துணி அலமாரிக்குள் மைக்கைத் தொங்கவிட்டு, மனைவியை எதிரே உட்காரவைத்துப் பதிந்தார். குரலைத் திருடி ஏமாற்றுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட பயத்தில், அத்தனையையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, பாஸ்வேர்டு வைத்துப் பூட்டினார். மருத்துவமனையில் கொடுப்பதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. பாஸ்வேர்டு அவர் நினைவிலிருந்து துடைத்துவிட்டதுபோல் போயிற்று.

பிறந்தநாள், வீட்டு எண் என்று தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போயிருக்கிறார்கள். அவர் கையை விரித்துவிட்டார். "இதுக்குப் பின்வாசலே கிடையாதும்மா. இன்னும் ஒரு தடவை தப்பாப் போட்டீங்கன்னா அதுவே எல்லாத்தையும் அழிச்சிடும்."

அன்றிலிருந்து தினமும் அந்த அம்மாள் கட்டிலருகே வந்து சிலேட்டை நீட்டுவார்: யோசிங்க. கணவருக்கு வேர்த்துக் கொட்டும், ரத்த அழுத்தம் ஏறும். ஒருநாள் நான் சிலேட்டைப் பிடுங்கி வைத்தேன். அந்த அம்மாள் அதை எடுத்து எனக்கே எழுதினார்: உங்களுக்கென்ன அக்கா, உங்க வாய் உங்ககிட்ட இருக்கு. மாத்திரை நேரம், கொடுத்தேன்.

கணவருக்குச் சட்டை போடும்போதுதான் கவனித்தேன். பட்டனைப் போடுங்க என்று சொன்னால் விழிப்பார். சொல்லாமல் சட்டையை மாட்டிவிட்டால் இடது கை தானாகப் போய்ப் போட்டுக்கொள்ளும்.

"தங்கச்சி, இனிமே அவரைக் கேக்காத," என்றேன். "கையைக் கேப்போம். தினம் பாஸ்வேர்டு அடிச்ச கைதானே."

அவருடைய பழைய நாற்காலியிலேயே உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கீபோர்டை வழக்கமான இடத்தில் வைத்தோம். டிஸ்க்கைப் பக்கத்தில்கூட விடவில்லை. திரையில் வெறும் பக்கம்தான். சூப்பில் உப்பு போதுமா என்று ஹெட்ஃபோனைத் தாண்டிக் கத்திப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சூப்பைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடது கை ஓடியது. அதன் பக்கத்து எழுத்துகள் மட்டும் விழுந்தன. வலது கையின் முறை வந்த இடத்தில் நின்று, பிறகு ஓடியது. வலது கை மடியில் நனைந்த துண்டுபோல் கிடந்தது.

அவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர். அந்த அம்மாள் விழுந்த எழுத்துகளையும் கை நின்ற இடங்களையும் பார்த்தார். முகம் மாறியது. சிலேட்டில் எழுதினார்: பேசாதே பேசாதே.

மைக்கைத் திறக்கும்போதெல்லாம் வீட்டிலுள்ளவர்களைப் பார்த்துக் கணவர் இரண்டு தடவை சொல்வது அது. கல்யாணமான நாளிலிருந்து கேட்ட சொல் என்று எழுதிக்காட்டி, உடனே அழுத்தித் துடைத்தார்.

டிஸ்க்கைச் செருகி அடித்து முடித்தபின் அந்த அம்மாளின் விரல் கடைசிப் பொத்தானுக்கு மேல் நின்றுவிட்டது. தப்பா இருந்தா என்று எழுதினார்.

"இருந்தா, இப்ப இருக்கிற மாதிரியே இருப்போம்," என்றேன். அது உண்மையில்லை. வேறென்ன சொல்வது?

திறந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு முதல் பதிவை ஓடவிட்டோம். "தண்ணி சூடா இருக்கு, மெதுவா குடிங்க," என்றது அந்த அம்மாளின் குரல். அந்த அம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கணவர் புருவத்தைச் சுருக்கினார். "ஃபேன் சத்தம் விழுது," என்று குழறினார். "திரும்ப எடுக்கணும். வா, வந்து உக்காரு."

அந்த அம்மாள் தொண்டையில் மூச்சுக்காகப் போட்ட துளையருகே கையை வைத்தபடி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிலேட்டை எடுத்தார்: இதுவே போதும்.

நான் கடைக்காரருக்கு ஃபோன் செய்து இன்னொரு டிஸ்க் கொண்டுவரச் சொன்னேன். பூட்டில்லாதது.