மூன்றாம் எண் கூண்டு

சிதம்பரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட இந்த வீட்டிலிருந்து கடல் தெரியாது. ஆனாலும் டிவியில், "கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்றதும் எனக்குக் கை ஓடவில்லை. கடலுக்குப் போன தம்பி இன்னும் கரை திரும்பவில்லை. அவன் போனுக்கு ரிங்கே போகவில்லை.

பிறந்த ஊரான தேவனாம்பட்டினத்தில் சிறுமியாக இருந்தபோது கூண்டு என்றால் எனக்குக் கோழிக்கூண்டுதான். புயலையும் அப்படிப் பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். கம்பத்தில் ஏற்றும் வெறும் அடையாளம் அது என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

அப்படி ஒருநாள் அப்பா கடலில் இருந்தார். ரேடியோவில் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும், ஈர விறகுப் புகைக்கு நடுவே அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா அழுவுற? புயலத்தான் கூண்டுல போட்டுட்டாங்களே!"

அம்மா என்னை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "ஆமாண்டி, போட்டாச்சு. அப்பா வந்துருவாரு."

அவள் நெஞ்சு அடித்த அடி என் காதுக்குள் கேட்டது. மறுநாள் அப்பா வந்துவிட்டார். ஆனால் அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை.

தமிழ்நாட்டு வரைபடத்தில் கடலுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள். "அம்மா, மாமா கடல்லதான இருக்காரு?"

"கரைக்கு வந்துட்டாராம்டி" என்றேன்.

அவள் எழுந்து வந்து என்மேல் சாய்ந்தாள். அவள் காது என் நெஞ்சில் பட்டுவிடாதபடி தோளோடு அணைத்துக்கொண்டேன்.