இறுக மூடிய பாட்டில்

சோப்புநீர்க் குமிழி ஊதும் அந்தச் சின்ன பாட்டில் இன்னும் எங்கள் சுவர் மாடத்தில் இருக்கிறது. நீர் எப்போதோ வற்றிவிட்டது. மூடி மட்டும் இறுக்கமாக இருக்கிறது. அப்படி இறுக்கி மூடச் சொன்னவர் என் மகனுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த டீச்சர்.

எங்கள் கூடத்தில் இரண்டு தறிகள். அவை ஓடும் சத்தத்தில் வாய் திறந்து பயனில்லை. கணவர் தறியில் இருந்தபடியே கட்டைவிரலை உதட்டருகே சாய்த்தால் தண்ணீர்; வயிற்றைத் தட்டினால் சாப்பாடு. மகனும் அதையே கற்றுக்கொண்டான். அவன் கை உயரும் முன்பே நான் தம்ளரோடு நிற்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. மற்றப் பிள்ளைகள் கதை சொல்லும் வயதிலும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. “எங்க பக்கம் ஆம்பளப் புள்ளைங்க லேட்டாதாம்மா பேசும்” என்றார் மாமியார். நம்பினேன். நம்பிக்கொண்டே, பேச்சு வராததற்குக் காரணத்தை யாரும் பார்க்காதபோது போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

கருட சேவைக்கு வந்த நாத்தனார், “எல்லாரும் கையைக் காட்டிக்கினே இருந்தா அவன் எதுக்கு அண்ணி வாயைத் தொறப்பான்?” என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாளே வீட்டில் கைஜாடையைத் தடுத்தேன். தண்ணீருக்காக உயர்ந்த அவன் கையைப் பார்க்காததுபோல் இருந்தேன். பேச்சு வரவில்லை. தண்ணீர் கேட்பதையே விட்டுவிட்டு, தறிக்கு அருகில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். யாரிடமும் யோசனை கேட்காமல், போனில் பார்த்துவைத்திருந்த ஒரு தனியார் பேச்சுப் பயிற்சி மையத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

டீச்சர் முதலில் காதைச் சோதித்து வரச் சொன்னார். காது நன்றாகவே இருந்தது. அவர் படிப்பை விசாரிக்க எனக்குக் கூச்சம். அதை உணர்ந்தவர்போல, “என்ன படிச்சிருக்கேன்னு கேளுங்கமா, கேக்கணும். இத்தனை நாள்ல பேச வெச்சிடறேன்னு சொல்றவங்ககிட்ட மட்டும் போயிடாதீங்க” என்றார். ஜாடையை நிறுத்திவிட்டதைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

“அவன்கிட்ட இருந்த பேச்சே அதுதாம்மா. அதையும் புடுங்கிட்டா என்ன மிச்சம்? கை இருக்கட்டும். கூடவே வார்த்தையைச் சேத்துக் குடுங்க.”

பிறகு ஒருமுறை குமிழி ஊதினார்; பாட்டிலை இறுக்கி மூடி அவன் கையில் கொடுத்தார்; காத்திருந்தார். என் கை தானாக நீண்டது. “நீங்க இல்லம்மா, அவன் கேக்கட்டும். இங்க நான் செய்யறது கொஞ்சந்தான், மீதி உங்க வீட்டுலதான்.”

அந்த மீதிதான் கடினம். அதேபோல் ஒரு பாட்டில் வாங்கி, இறுக்கி மூடி அவனிடம் கொடுத்து, உள்ளறையில் அவன் எதிரே உட்கார்ந்து, திறப்பதுபோல் கை காட்டி, “தொற” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். செய்வது சரியா என்று கேட்க ஆளில்லை. கூடத்தில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். மழைக்காலம் வந்து போனது. ஒரு மதியம் பாட்டிலை என் மடியில் தள்ளி, விரல்களைத் திருகிக் காட்டி, “தொ” என்றான். திறந்தேன். என் முகத்தைப் பார்த்த கணவர் தறியிலிருந்து என்னவென்று கையால் கேட்டார். நானும் கையாலேயே, மகனின் உதட்டைத் தொட்டுக் காட்டினேன்.

டீச்சர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். மகன் பள்ளிக்குப் போகிறான். போன வாரம் கடைத்தெருவில் புது பாட்டில் ஒன்று வாங்கினான். வீட்டு வாசலில் மூடியோடு போராடினான். என் கை நீண்டது.

“நீ சும்மா இரும்மா. நானே தொறந்துக்கறேன்.”

திறந்துகொண்டு தெருப் பிள்ளைகளிடம் ஓடினான். குமிழிகள் மதில்வரை போயின. நான் உள்ளே வந்து மாடத்துப் பழைய பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.