பாண்டிராஜ் வளர்த்த மீன்கள்

பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அடித்துக்கொண்டிருந்த பாண்டிராஜுக்கு நாற்பத்தாறாவது வயதில் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. முதலில் கால் வீங்கியது. பிறகு சோறு இறங்கவில்லை. ஒருநாள் புளியரை வளைவில் ஏறும்போது மூச்சு முட்டி டெம்போவை ஓரங்கட்டினான். பின்னால் வந்த லாரிக்காரர்கள்தான் அவனைச் செங்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்கப்புறம் அவன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

வாரத்தில் மூன்று நாள் தென்காசியில் டயாலிசிஸ். ஊசி போடுவதற்கு வாகாக இடது கையில் ஒரு ஆபரேஷன் செய்து இரத்தக் குழாயைப் புடைக்க வைத்திருந்தார்கள். அந்தக் கையால் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். காபியும் குழம்பும் அந்த அளவுக்குள்ளேயே அடக்கம். கீரை, தக்காளி, வாழைப்பழம், இளநீர் எதையும் தொடக் கூடாது. தக்காளி ஏற்றியே காலத்தை ஓட்டியவனுக்கு ஒரு தக்காளி தின்னக் கூடாது என்றானது.

அவன் மனைவி உமாராணி தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். டயாலிசிஸ் நாட்களில் லீவு சொல்லிவிட்டு அவனோடு போவாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. திருநெல்வேலியில் போலீஸாக இருந்த தம்பி விஜய்பாண்டி, செய்தி கேட்ட அன்றைக்கே வந்து, “நான் ஒரு கிட்னி தாரேண்ணே, கவலப்படாதிய” என்று சொல்லியிருந்தான். உமாராணிக்கு இரத்தப் பிரிவு சேரவில்லை; தம்பிக்குச் சோதனைகள் எல்லாம் பொருந்திவிட்டன. அனுமதி வாங்கி மதுரையில் ஆபரேஷன் செய்யச் சில மாதம் ஆகும் என்றார்கள்.

அந்தக் காத்திருப்பில்தான், டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் பார்த்த ஒரு வீடியோ அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு தொட்டியில் மீன். அதற்கு மேலே ஜல்லி நிரப்பிய இன்னொரு தொட்டி, அதில் செடி. மீனின் கழிவோடு இருக்கிற தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். ஜல்லியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கழிவை உரமாக்கும், செடி அதைக் குடிக்கும். சுத்தமான தண்ணீர் மறுபடியும் மீனுக்கே வந்து விழும். குத்துக்கல்வலசையில் அவர்கள் மனை வாங்கி வீடு கட்டியிருந்த இடத்தில் கடப்பாறையைப் போட்டால் பாறைதான் தட்டும். ஒரு முருங்கைகூட நின்றதில்லை. “மண்ணே வேண்டாமாம்ட்டி” என்று உமாராணியிடம் போனைக் காட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. சரி என்றாள்.

தெருவில் இருந்த பிளம்பர் மன்சூர் இரண்டு நீல டிரம்களை அறுத்து, குழாய் பொருத்தி, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொடுத்தான். ஜல்லி சுமந்தது உமாராணி. சட்டி சட்டியாக அள்ளி, அலசி, கொட்டினாள். பாண்டிராஜ் நாற்காலியில் உட்கார்ந்து, இங்கன போடு, அங்கன நிரவு என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கியவனுக்கு, மனைவி சுமக்கப் பார்த்துக்கொண்டிருப்பது என்னவோபோல் இருந்தது. பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டான்.

இலத்தூரில் மீன்குஞ்சு விற்கிறவரிடம் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் வாங்கிவந்து, அன்றைக்கே குழாய்த் தண்ணீரை நிரப்பி அதில் விட்டான். விடிவதற்குள் எல்லாம் செத்து மிதந்தன.

டயாலிசிஸ் டெக்னீஷியன் ஷாரோனிடம் இதைச் சொன்னான். அவள் மெஷினில் குழாயை மாட்டியபடியே கேட்டாள்.

“குழாய்த் தண்ணிய நேரா விட்டுட்டீங்களாண்ணே? அதுல குளோரின் கெடக்கும்லா. உங்களுக்கே அந்தத் தண்ணிய அப்படியே விட மாட்டோம். கரி பில்டர்ல போயி, குளோரின் இல்லன்னு பாத்துட்டுத்தான் மெஷினுக்கு விடுதோம்.”

அடுத்த தடவை தண்ணீரை வெயிலில் திறந்து வைத்துவிட்டுக் குஞ்சு விட்டான். அவை உடனே சாகவில்லை. சில நாள் நன்றாக ஓடின. பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் சிவந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஜல்லியில் நுண்ணுயிர் ஊறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதற்கு முன்னால் மீனை விட்டது தப்பு என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டான். செத்ததுகளை வலையில் அரித்து எடுத்துக்கொண்டிருந்த உமாராணியிடம், “அதுக கழிவே அதுகளுக்கு விஷமாப் போயிட்டுட்டி” என்றான். அவள் குனிந்தபடி அடுத்ததை அரித்தாள்.

மூன்றாவது தடவை அவன் அவசரப்படவில்லை. மீனே இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, கொஞ்சம் தீவனம் மட்டும் தூவி, சோதனைச் சொட்டு விட்டுத் தண்ணீரின் நிறம் மாறுகிறதா என்று தினமும் பார்த்தான். விஷம் இருக்கும்வரை பச்சை காட்டிய தண்ணீர் பங்குனியில் வெளுத்து மஞ்சளானது. அப்புறம்தான் குஞ்சுகளை விட்டான். அவை பிழைத்தன. ஜல்லியில் அரைக்கீரையும் தக்காளியும் தளதளவென்று வந்தன. அவன் தின்ன முடியாததை உமாராணி வீட்டில் சமைக்கவில்லை. பறித்ததெல்லாம் மன்சூர் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போனது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜய்பாண்டி வந்தான். வந்தவன் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் நேராகத் தொட்டியருகே போய் நின்றான். மீன் என்ன எடை வரும், என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பாண்டிராஜும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். உமாராணி காபியை நீட்டியபோது விஜய்பாண்டி வாங்கித் துவைக்கிற கல்மேல் வைத்தான். ஆறும்வரை அதைத் தொடவில்லை.

“அண்ணே, வீட்டுல சங்கரி ஒத்துக்க மாட்டேங்கா” என்றான் கடைசியில். “பிள்ளைய முகத்தப் பாருங்கன்னு தினமும் அழுதா. எனக்கும் இந்த டூட்டி, பந்தோபஸ்துன்னு அலையுத பொழப்புல...”

பாண்டிராஜ் ஜல்லியில் கிடந்த ஒரு பழுத்த இலையை எடுத்துப் போட்டான். “அதுக்கென்னலே” என்றான். “உன் உடம்பு. நீதானே முடிவு பண்ணணும்.”

பிறகு வலையை எடுத்துக் குனிந்து, இருந்ததிலேயே பெரிய மீன்களாக நாலைந்தைப் பிடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தான். தம்பி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டான். பைக் சத்தம் தெரு முனையைத் தாண்டியதும் உமாராணி பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: “மீனு வேற குடுத்து விடுதீங்க.”

“வெறுங்கையோட போனா அவன் வீட்டுல போயி என்னத்தட்டி சொல்லுவான்.”

இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கு அவன் பெயரையும் பதிந்து வைத்திருந்தார்கள். முன்னால் எத்தனையோ பேர். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆனி கடைசியில் குற்றாலத்தில் சாரல் கட்டியது. காற்று ஊளையிட்டது. அன்றைக்கு டயாலிசிஸ் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஆஸ்பத்திரியில் விளக்குகள் ஒருமுறை சிமிட்டின. உடனே ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. பாண்டிராஜுக்கு வீட்டு மோட்டார்தான் ஞாபகம் வந்தது; அது நின்றால் தண்ணீரில் காற்று தீர்ந்துவிடும். மன்சூருக்குப் போன் போட்டான். அவன் கடையநல்லூரில் வேலையில் இருந்தான். மரம் விழுந்து குத்துக்கல்வலசைப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லையாம் என்றான். இரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது, எழுந்திருக்க முடியாது. இன்னும் எவ்வளவு நேரம் என்று ஷாரோனைத் திரும்பத் திரும்பக் கேட்டான். உமாராணி அவனைப் பார்த்துவிட்டு, “நான் போயிப் பாக்கேன்” என்று கிளம்பிவிட்டாள்.

முடித்துக்கொண்டு அவன் ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினான். பின்பக்கம் போனால், மழையில் தொப்பலாக நனைந்தபடி உமாராணி தொட்டித் தண்ணீரை பிளாஸ்டிக் மக்கில் மொண்டு, கையை உயரத் தூக்கி, உள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தாள். காற்று கலக்கட்டும் என்று, வந்ததிலிருந்து அப்படியேதான் ஊற்றுகிறாள். பெரும்பாலானவை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஓரத்தில் இரண்டு மூன்று மட்டும் வாயை அசைத்தன. அவனைக் கண்டதும் அவள் இன்னும் வேகமாக மொண்டாள். அவையும் அடங்கும்வரை அவன் பக்கத்தில் நின்றான்.

“போதும்ட்டி. விடு” என்றான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு பாண்டிராஜ் அடுக்களைக்குப் போய்ப் பானையைத் திறந்தான். ஒரு சொம்பு குடித்தான். குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்கிய சுகத்தில் இன்னொன்று மொண்டான். பிறகு நிறுத்தவில்லை. சாயங்காலம் அவள் வந்தபோது அவனால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வைத்துத் தூக்கிப் போனார்கள். ஷாரோன் முறையில்லாத நேரத்தில் மெஷினைப் போட்டாள், ஒரு வார்த்தை ஏசவில்லை.

மூச்சு சீரானபின் உமாராணி கட்டிலருகே குனிந்து மெதுவாகக் கேட்டாள்: “வேணும்னே குடிச்சீங்களா?”

“தாகமா இருந்துச்சு.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அது மட்டும்தானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, இலத்தூரில் மறுபடி குஞ்சு வந்திருக்காம், வாங்கி வரட்டுமா என்றாள். கரண்ட் போனாலும் ஓடுகிற மாதிரி பேட்டரி ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று மன்சூர் சொன்னதையும் சொன்னாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“எனக்குக் கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடுது, பக்கத்துல ஷாரோன் நிக்கா, நீ நிக்க. அப்பவும் நான் படுத பாடு இது. வாயில்லாச் சீவனக் கொண்டாந்து இதுல மாட்ட வேண்டாம்ட்டி.”

அவள் வற்புறுத்தவில்லை. மோட்டார் நின்ற ஜல்லியில் கீரை சாரலில் நனைந்து கொஞ்ச நாள் நின்றது, பிறகு அடியிலிருந்து மஞ்சளடித்து வந்தது.

பக்கத்து மனையில் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். கொத்தனார் வந்து, சும்மா கிடக்கிற டிரம் இரண்டையும் தண்ணீர் பிடித்துவைக்கத் தர முடியுமா என்று கேட்டார். பாண்டிராஜ் எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஜல்லியையும் அவர்களே கலவைக்கு அள்ளிக்கொண்டார்கள். மீன் வாடை அடிக்கிறதே என்றதற்கு, புளித்தண்ணி விட்டுக் கழுவினால் போய்விடும் என்றான்.

உமாராணி வேலைவிட்டு வந்தபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது. மறுநாள் டயாலிசிஸ். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சீக்கிரமே சாப்பிட்டுப் படுத்தார்கள்.