துரைக்கு நான் பொறுக்கிய சாக்சன் படை

பக்கத்துக் கடைக்காரன் சிமெண்ட் ஸ்ட்ராபெரிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். இந்த மலைமேல் கியா பார்ம் காய்கறிச் சந்தையில் இப்போது பாதிக் கடை வாசலில் இப்படி ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. காற்றில் தின்னர் வாசம் வந்தது. நான் கீரை கட்டுவதை நிறுத்திவிட்டேன்.

எனக்குத் தின்னர் வாசம் வந்தால் பின்னாலேயே ரத்த வாசமும் வரும். ஏன் என்று சொல்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எஸ்டேட்டில் நான் கவாத்துக்காரன். வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. கத்தியை மேலிருந்து போடக் கூடாது. போட்டால் கொப்பு பிளந்து செடி அழுகும். கீழே கொடுத்துச் சாய்வாக மேலே இழுக்க வேண்டும். ஒரே இழுப்பு. பத்து வருசம் இதைச் செய்தால் கைக்கு வேறு வெட்டே தெரியாது.

எங்கள் துரை வெள்ளைக்காரர். கல்யாணம் கட்டாதவர். அவருக்கு ஒரு பைத்தியம். சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள ஈயச் சிப்பாய்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் பெயிண்ட் அடிப்பார். பெரிய மேசையில் மணலைக் கொட்டிப் படையை நிறுத்துவார். தானா ராத்தா டவுனிலிருந்து இன்னொரு வெள்ளைக்காரர் தன் படையோடு வருவார். பகடை உருட்டி இருவரும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். மேசை தூக்க என்னைக் கூப்பிடுவார். எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் கூலிக்காரர் வீட்டு வரிசையில், லயத்தில், பகடை இல்லாமலே வெட்டிக்கொள்வோம்.

திருவிழாவில் யார் காவடி முன்னே போவது என்று மேல் லயமும் கீழ் லயமும் மோதியபோது ஒருவனுக்குக் காது போனது. இன்னொருவன் மண்டையில் பதினேழு தையல். துரை அதை நேரில் பார்த்தவர். அதில் நான் எப்படி நின்றேன் என்பதையும் பார்த்தவர். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்காரவைத்து யோசனை கேட்டார்.

என் மனசு அன்றைக்கு அங்கே இல்லை. என் தங்கச்சி லெட்சுமியை அவள் புருசன் மணியம் வெள்ளிக்கிழமை விறகுக்கட்டையால் அடித்திருந்தான். தாடை உடைந்து மூன்று பல் போயிருந்தது. அடுத்த தடவை மண்ணெண்ணெய்தான் என்று லயமே கேட்கச் சொன்னான். அவன் சொன்னதைச் செய்கிறவன். அப்பா அம்மா போனபிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். சனிக்கிழமை முழுக்க நான் கத்தி தீட்டினேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. துரை மேசையில் நாற்பது பொம்மைகள். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. எது தேறுகிறதோ அதை மொத்தமாக வரவழைக்கப் போகிறார்.

"நீ பாரு. யாரு நல்லா சண்ட போடுவான்? அவன மட்டும் வாங்குறேன்."

"யாரு தொரை இவனுங்க?"

"சாக்சன். ஆயிரத்தி ஐநூறு வருசம் முந்தி எங்க நாட்டுக்குப் படகுல வந்தான்."

"வேலைக்கா?"

"மொதல்ல கூலிக்குத்தான். சண்டக் கூலி. அப்புறம் திரும்பிப் போகல. நாட்டப் புடிச்சிக்கிட்டான்."

"நாங்களும் கப்பல்லதான் வந்தோம் தொரை. எங்களுக்கு லயம்தான் கெடச்சிச்சு."

துரை விழுந்து விழுந்து சிரித்தார்.

கொம்பு வைத்த தொப்பிக்காரர்களை அவரே தூக்கிக் குப்பையில் போட்டார். "பொய். சாக்சனுக்குக் கொம்பு கெடயாது." இரும்புச் சட்டை தலைவனுக்கும் அவன் பக்கத்தில் நிற்கிற ரெண்டு பேருக்கும் போதும் என்றார். வாளும் அப்படித்தான். மற்ற எல்லாருக்கும் ஈட்டியும் வட்டக் கேடயமும். இடுப்பில் குறுக்கே ஒரு கத்தி. நம் எஸ்டேட் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கெழுதுகிற கிராணிக்குப் பேனா, கங்காணிக்குக் கம்பு, எங்களுக்குக் கத்தி.

நான் பொறுக்கினேன். கையைத் தலைக்கு மேல் ஓங்கி நின்றவர்களை ஒதுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தார்கள்.

"இவன் செத்தான். இவனும் செத்தான்."

"ஏன்?"

"கையத் தூக்குங்க தொரை."

தூக்கினார். பெயிண்ட் பிரஷை எடுத்து அக்குளுக்குக் கீழே கொடுத்து மேலே இழுத்தேன். வெள்ளைச் சட்டையில் சாய்வாகச் சிவப்புக் கோடு. தின்னர் வாசம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"யார வெட்டப் போற? மணியத்தயா?"

நான் பிரஷைத் துடைத்து வைத்தேன்.

"அவன வேற டிவிஷனுக்கு மாத்துறேன். ரெண்டு நாள் பொறு. நாளைக்குக் காலையில பெரட்டுக்குக் கத்தி இல்லாம வா."

"கத்தி இல்லாமப் பெரட்டுல நின்னா கங்காணி பேரு போட மாட்டான். ரெண்டு நாளு அவளுக்கு இருக்கா தொரை?"

துரை மேசைப் பக்கம் திரும்பினார். நான் பொறுக்கி வைத்த பதினொரு பேரையும் தாளில் குறித்துக்கொண்டார்.

காலையில் பெரட்டு நேரம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற நேரம். ஆள் தெரியாத பனி. மணியம் பேக்டரிக்காரன், அவனுக்கு எங்கள் பெரட்டில் வேலையே இல்லை. என்னைத் தேடித்தான் வந்தான். கையில் பாராங் கத்தி.

"என்னாடா, கத்தி தீட்டுறியாம்? வெட்டுலா, பாப்போம்!"

"போடுடா கீழ!" என்று கங்காணி கத்தினார்.

"எம் பொண்டாட்டிய நான் அடிப்பேன், எரிப்பேன். நீ யாருலா கேக்க?"

சொல்லிக்கொண்டே கையை ஓங்கினான். மற்றதை என் கை பார்த்துக்கொண்டது. கீழே கொடுத்து ஒரே இழுப்பு. ரத்தம் சூடாக என் வாய்க்குள் போனது. பாராங் விழுந்தது. அவன் கை ஈரத் துணி மாதிரி தொங்கியது. அவன் மண்டியிட்டான். அடுத்தது கழுத்து. கத்தியைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துவிட்டேன், இன்னும் இழுக்கவில்லை. அதற்குள் தாடையில் துணி கட்டிய லெட்சுமி ஓடிவந்து அவன்மேல் விழுந்தாள். சேலையைக் கிழித்து அவன் தோளைக் கட்டினாள். வாய் திறக்காமல் பல்லுக்குள்ளேயே பேசினாள்.

"இந்தக் கை இல்லாம அவரு எப்பிடிய்யா பொழைப்பாரு?"

என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்குத்தான் 'ய்யா'.

வெட்டு சுத்தமாக இருந்ததென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். என் வேலையை யாராவது பாராட்டியது அந்த ஒரு தடவைதான். கை மட்டும் அவனுக்கு அப்புறம் எழும்பவேயில்லை.

இரண்டு வருசம் உள்ளே இருந்தேன். வந்தபோது துரை ஊருக்குப் போய்விட்டிருந்தார். "நீ ஒதுக்குனதுல ஒண்ணுகூட வாங்கல. நீ பொறுக்குனதுதான் பெட்டி பெட்டியா வந்துச்சு. எல்லாத்தயும் கொண்டு போயிட்டாரு" என்றார் பங்களாச் சமையல்காரர். என் படையை நான் பார்க்கவேயில்லை. இப்போது லயமும் இல்லை, பெரட்டுக்களமும் இல்லை. போகட்டும். அதற்கெல்லாம் நான் அழுததில்லை.

வந்த மாதம் தானா ராத்தா பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மலையிறங்குகிற தாப்பா பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். மணியத்தின் வலது கையைச் சட்டைப் பைக்குள் செருகி வைத்திருந்தாள். ரொட்டியைப் பிய்த்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் தாடை கோணலாக ஒட்டியிருந்தது. புதுக் காயம் இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தேன். இல்லை.

"லெட்சுமி" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"யாரோ ஆளு மாறிக் கூப்புடுறாங்க. நீங்க சாப்புடுங்க."

பஸ் வந்தது. ஏறிப் போனார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. எத்தனையோ வருசமாகிவிட்டது. உயிரோடுதான் இருப்பாள்.