எட்டுப் பேர் ஏறினால் ஆடாத லாரி

ரோஸ் ஹில் சந்தையில் கீரைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, விலை சொல்லும் அதே குரலில், சில நாளாக ஊரில் இல்லாத எனக்குச் செய்தி சொன்னாள். "கமியோன் நாகப்பன் போயிட்டாரு தம்பி. காய்ச்சல். முந்தாநாளே எடுத்துட்டாங்க." லாரியை நாங்கள் கமியோன் என்போம்.

நான் பார்க்கப் போகவும் இடமில்லாமல் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. லாங் மவுண்டனில் எந்தச் சாவுக்கும் காய்ச்சல் என்றுதான் பெயர் வைக்கிறோம், ஏதோ மழை வெயில் மாதிரி. தேங்கிய கால்வாய்களைச் சுத்தம் செய்ய வேண்டியவர்கள் இந்தத் தீவின் மேட்டு நிலத்தில், குளிர்ந்த வீடுகளில் இருக்கிறார்கள். கொசு அவ்வளவு தூரம் ஏறுவதில்லை. அவர்கள் வீட்டுக் குதிரை நொண்டினால்கூடச் செய்தி போடும் பத்திரிகைகள் ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றி எழுதப் போவதில்லை. அவரை அறிந்த லாங் மவுண்டன், தேர் ரூஜ் மக்களுக்காக நான் எழுதுகிறேன்.

சிறு கரும்புத் தோட்டக்காரர்கள் சேர்ந்து, யாரோ ஓட்டிக் களைத்த ஒரு பழைய லாரியை வாங்கியபோது, அதை ஓட்ட வந்தவர் நாகப்பன். அதற்கு முன் எஸ்டேட்டில் மண்வெட்டி பிடித்தவர். சர்தார், அதாவது கங்காணி, ஒருநாள் அவர் தாயைச் சொல்லித் திட்டியதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். போர்ட் லூயிஸில் ஒரு மோட்டார் கொட்டகையில் எண்ணெய் துடைத்தே வேலை கற்றார். "இனி எவன் விசிலுக்கும் எழுந்திரிக்க மாட்டேன் தம்பி, எஞ்சின் கூப்பிட்டா மட்டும் எழுந்திரிப்பேன்" என்பார். இந்த லாரி போனால் அவருக்கு மறுபடி அந்தச் சர்தார்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆலை தன் எஸ்டேட் கரும்பை முதலில் அரைக்கும். எங்கள் கரும்புக்கு மிச்ச நேரம். வாசலில் காத்துக் காய்ந்தால், காய்ந்துவிட்டது என்று எடையில் கழிக்கும். அதனால் ஒரே நடையில் அதிகம் ஏற்ற வேண்டும் என்று எங்கள் சங்கத்தின் செயற்குழு முடிவு செய்தது. நாகப்பன் காவடிக்காக விரதமிருந்த பத்து நாளில், தேர் ரூஜ் கொல்லரைக் கொண்டு பாரம் தாங்கும் பின்பக்க வில்லில், அதாவது ஸ்பிரிங்கில், பக்கத்துக்கு இரண்டு தகடு கூடுதலாகப் போட்டோம். அவரைக் கேட்கவில்லை. விரதம் முடித்து வந்தவர் லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னா இது, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி பின்னாடி இப்படி நிமிந்து நிக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். கரும்பு வெட்டு தொடங்கும்வரை லாரி கொட்டகையிலேயே நின்றது.

வெட்டு தொடங்கிய முதல் வாரமே அவர் வந்து சொன்னார், லாரி நடுங்குகிறது என்று. கரும்போடு போகும்போது இல்லை. ஆலையிலிருந்து காலியாகத் திரும்பும்போது, கொஞ்சம் வேகம் எடுத்தால். செயற்குழுத் தலைவர் பெருமாள் உடனே தீர்ப்பு சொன்னார். "காலி கமியோன்னா உனக்குக் கால் சும்மா இருக்காது. அதான்."

நாகப்பன் வாக்குவாதம் செய்யவில்லை. ஓடும்போதே கியரைக் கழற்றி லாரியைத் தானாக உருளவிட்டார். அப்போதும் நடுங்கியது. அதனால் எஞ்சின் இல்லை என்றார். சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டார். அப்படியேதான் நடுங்கியது. நடுக்கம் ஸ்டியரிங் பிடிக்கும் கையில் வரவில்லை, உட்காருகிற பலகையில் வருகிறது என்றார். அவர் அடிக்கடி சொல்வது: "ஏன் ஆடுதுன்னு முதல்ல கேக்காதே. எப்போ ஆடுது, எப்போ ஆடலைன்னு கேளு. வண்டி பொய் சொல்லாது."

செயற்குழு எட்டுப் பேரும் நேரில் சோதிக்கப் புறப்பட்டோம். முன் இருக்கையில் உட்கார்ந்தால் ஊர் பார்க்காது என்று பெருமாள் பின்னால் எங்களோடு உற்சவர் போல நின்றுகொண்டார். லாரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நடுக்கமும் இல்லை.

"பாத்தியா? கமியோன் நல்லாத்தான் இருக்கு" என்றார் பெருமாள். "ஓட்டுறவன் தனியா இருக்கறப்போதான் அதுக்குக் குளிர் வருது." யாரோ ரம் என்று முணுமுணுத்தார்கள். காவடி எடுத்த மனிதரைப் பார்த்து.

அடுத்த வாரம், காலியாகத் திரும்பும்போது, எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு உடைந்தது. அந்தத் தண்டை இங்கே கர்தான் என்போம். அது கீழே விழுந்து ரோட்டை உழுதது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மூட்டை அவரே மாற்றிப் பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை கோவில் முற்றத்தில் கூட்டம். அவரை நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எட்டுக் கை எழுந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். எஸ்டேட்காரர்களின் அநியாயத்தைப் பற்றி வாரம் ஒரு மனு எழுதுகிறவன் நான். என் கையும் மேலேதான் இருந்தது.

நாகப்பன் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சரி. ஒரு ஓட்டம் மட்டும் குடுங்க. அன்னிக்கு ஆடலை. மத்த நாள் ஆடுது. அன்னிக்கு என்ன வித்தியாசம்? நீங்கதான். எல்லாரும் ஏறுங்க. நான் சொல்றப்போ இறங்குங்க."

"எங்களை என்னா கரும்புன்னு நினைச்சியா?" என்றார் பெருமாள்.

"கரும்பா இருந்தா ஆலை வாசல்ல காய வச்சிருப்பாங்க தோன். அலே, கிளம்பலாம், ஏறுங்க!" எங்கள் ஊரில் பெரியவர்களைத் தோன் என்றுதான் கூப்பிடுவோம், மாமா என்பதுபோல.

தேர் ரூஜ் பக்கம் நேராகப் போகும் ரோட்டில் ஒரே வேகத்தில் போய்வந்தார். எட்டுப் பேரோடு அமைதி. இருவரை இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். பலகையில் ஒரு முனகல். இன்னும் இருவர் இறங்கினார்கள். பின்கதவுச் சங்கிலி கிலுகிலுத்தது. "இப்போ நீங்க தோன் பெருமாள். நீங்க ஒருத்தரே மூணு பேருக்குச் சமம்" என்றார். பெருமாள் முகம் சுளித்து இறங்கினார். அடுத்த ஓட்டத்தில் பின்னால் நின்ற எங்கள் மூவர் பற்களும் அடித்துக்கொண்டன. கடைசியில் நான் ஒருவன். இரும்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நிறுத்துங்கள் அண்ணே என்று கத்தினேன்.

அவர் லாரிக்கு அடியில் படுத்து எங்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கர்தானுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பை அளவுகோல்போல நேராகப் பிடித்துக் காட்டினார். நாங்கள் போட்ட தகடுகள் லாரியின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டன. தண்டு கோணலாகச் சுற்றி மூட்டை உதைக்கிறது. பாரம் ஏறினால் வில் அமுங்கித் தண்டு நேராகிவிடும். சோதிக்கப் போன நாங்களே பாரமாக நின்று கோளாறை மறைத்திருக்கிறோம்.

அன்றே கொல்லரை அழைத்துத் தகடுகளைக் கழற்றினார். காலி லாரியை அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டினார். பின்னால் நான் கம்பியைப் பிடிக்காமல் நின்றேன்.

"அப்போ கரும்பை என்ன பண்றது?" என்று பெருமாள் கேட்டார்.

"கம்மியா ஏத்துங்க. இல்லேன்னா ஆலை வாசல்ல போய் நீங்க ஆடுங்க. எல்லாத்தையும் ஏன் கமியோன் தலையில வைக்கிறீங்க?"

போனோம். எங்கள் கரும்புக்கும் காலையில் நேரம் ஒதுக்கும்படி கேட்டோம். ஆலை இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஆனால் அதுவரை மனு மட்டும் எழுதிக்கொண்டிருந்த நாங்கள் உடம்போடு போய் அந்த வாசலில் நின்றது அன்றுதான். எங்களைப் போகச் சொன்னவர், நாங்கள் நீக்கத் துணிந்த மனிதர்.

தகடுகளைக் கழற்றிய அன்று மாலை கூட்டக் குறிப்பில் நான் இப்படி எழுதினேன்: "லாரியின் கோளாறு ஓட்டுநரால் சரி செய்யப்பட்டது. முந்தைய தீர்மானம் கைவிடப்பட்டது." அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"கோளாறு எங்கேருந்து வந்துச்சுன்னு போடலியே தம்பி?"

நான் பெருமாளைப் பார்த்தேன். பக்கம் நிரம்பிவிட்டது என்றார் பெருமாள்.

நாகப்பன் சிரித்தார். "நிரம்பிடுச்சா? அப்போ அதுக்கும் ரெண்டு தகடு போடுங்க." சொல்லிவிட்டு வண்டியைக் கழுவப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. தனக்கு எதிராகக் கை தூக்கியவர்களின் கரும்பைத்தான், காய்ச்சலில் படுக்கும்வரை, ஒரு நாள் தவறாமல் ஏற்றிப் போனார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. இருந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. எங்கே எது ஆடினாலும், பழி சொல்ல வாய் திறக்குமுன், அதன்மேல் நான் நிற்கிறேனா என்று இப்போது கீழே பார்க்கிறேன். அவருக்குத் தர வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இடமில்லை என்று விட்ட வரி. அவர் கேட்க முடியாத நாளில்தான் எழுதுகிறேன்: தகடுகளை ஏற்றச் சொன்னது நாங்கள். நடுக்கம் அதனால் வந்தது. ஓட்டுநர் நாகப்பன்மீது எந்தக் குற்றமும் இல்லை.